மாங்கட்டைக்குள் வரப்புத் தகராறு

2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மாமரம் ஒன்றின் அடிக்கட்டை, எட்டு மாதம் கொல்லையிலேயே கிடந்திருக்கிறது. பலகை போடலாம் என்று அறுத்தால் உள்ளே பேனாவால் கிறுக்கியதுபோல் கறுப்புக் கோடுகள். ஆசாரி ‘உளுத்த கட்டை, அடுப்புக்குத்தான் ஆகும்’ என்றாராம். பக்கத்து வீட்டுக்காரர் ஒருபடி மேலே போய், கோடு விழுந்த மரம் வீட்டுக்கு ஆகாது என்று பயமுறுத்தியிருக்கிறார். ‘எரித்துவிடவா?’ என்று கேட்டிருந்தார் வாசகர்.

எரிக்காதீர்கள். ஆசாரி சொன்னது பாதி சரி. மற்றவர் சொன்னதில் ஒன்றுமில்லை.

மரம் என்பது செல்லுலோஸ் நாரும், அதை இறுக்கிப் பிடிக்கும் லிக்னினும். விழுந்த கட்டையில் ஈரம் இருக்கும்வரை பூஞ்சைகளுக்குக் கொண்டாட்டம். அவற்றில் ஒரு வகை லிக்னினையும் தின்னும். பழுப்பு நிறம் போய் மரம் வெளுக்கும். அந்த வெளுப்பின்மேல்தான் கறுப்புக் கோடு எடுப்பாகத் தெரிகிறது.

ஆனால் அது கோடே அல்ல, சுவர். என் பலகை ஒன்றில் ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுப்பு வட்டம் இருந்தது. இழைப்புளியை ஓட்ட ஓட்ட வட்டம் சுருங்கி, புள்ளியாகி, மறைந்தே போனது. அவித்த முட்டையைத் துண்டு போட்டால் நடுவில் பெரிதாக இருக்கும் மஞ்சள் கரு ஓரத்துண்டில் காணாமல் போகுமே, அதேதான். கட்டைக்குள் ஒரு பூஞ்சை தன் இடத்தைச் சுற்றி மூடிய கூடு கட்டியிருக்கிறது. அறுவை வாள் அதை வெட்டிய இடம் நமக்குக் கோடாகத் தெரிகிறது.

சுவர் எதற்கு? ஒரே இனப் பூஞ்சைதான் என்றாலும் மரபணுவில் வேறான இரண்டு சந்தித்தால் ஒன்றாகக் கலக்காது. தொட்ட இடத்துச் செல்கள் சாகும். எல்லையில் மெலனின் படியும். நம் தலைமுடியைக் கறுப்பாக்கும் அதே நிறமிக் குடும்பம். பூதக்கண்ணாடியில் பாருங்கள்: பல இடங்களில் கோடு இரட்டையாக ஓடும், நடுவே மெல்லிய வெள்ளைச் சந்து. பொதுச்சுவர் வேண்டாமென்று ஆளுக்கொரு சுவர் எழுப்பிய பங்காளிகள்! சைலேரியா போன்ற சில பூஞ்சைகள் எதிரி இல்லாவிட்டாலும் சுவர் எழுப்பும். உள்ளே ஈரம் தங்கும் அல்லவா.

15ஆம் நூற்றாண்டு இத்தாலியில், வேறொரு பூஞ்சை பச்சையாக்கிய மரத்தைத் தேடிப் பிடித்து பல நிற மரத்துண்டுகளைப் பதித்துச் செய்யும் ஓவியங்களில் இலைக்கும் புல்லுக்கும் வைத்தார்கள். நம் ஊரிலோ பூஞ்சை என்றாலே ஒழிக்கத்தான் ஆராய்ச்சிப் பணம். வண்ணம் போடவைக்க நிதி கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள்.

இனி வேலை. நகத்தால் அழுத்துங்கள், உள்ளே போனால் அந்த இடம் கழிவு. மிச்சத்தைப் பலகையாக்கி, இடையில் குச்சி வைத்து நிழலில் அடுக்குங்கள். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே போனதும் உளுப்பது நிற்கும். உப்புத்தாள் தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ஆளிவிதை எண்ணெய் வெளுப்பை மஞ்சளாக்கிவிடும், நிறமில்லாத வார்னிஷே போதும்.

வாசகர் அதை வட்டமாக அறுத்துச் சுவர்க் கடிகாரமாக்கிப் படம் அனுப்பினார். நான்கு மணியில் கிளம்பும் இரட்டைக் கோடு ஒன்பதுவரை வளைந்து போகிறது. உளுத்து விழுந்த ஓட்டையை அப்படியே விடச் சொன்னேன். கேட்கவில்லை, நீல ரெசின் ஊற்றிவிட்டார்.