நாடு இல்லாத டியூக்குகள்

1112ஆம் ஆண்டின் ஆவணம் ஒன்றில் இரண்டாம் ஹெர்மன் 'பாடனின் மார்கிரேவ்' என்று குறிக்கப்படுகிறார். மார்கிரேவ் என்றால் எல்லைப்புற மாகாணத்தைக் காக்க மன்னர் அமர்த்தும் ஆளுநர். பாடனோ இன்றைய தென்மேற்கு ஜெர்மனியில், ரைன் சமவெளிக்கும் கருங்காட்டு மலைகளுக்கும் நடுவில் இருக்கிறது. அது எந்த எல்லை மாகாணமும் அல்ல. பட்டம் வந்தது ஆல்ப்ஸுக்குத் தெற்கே, இத்தாலியின் வெரோனாவிலிருந்து.

ஹெர்மனின் தாத்தா பெர்த்தோல்ட் எதிர்பார்த்தது தென்மேற்கு ஜெர்மனியின் சுவேபியாவை, அதாவது அதை ஆளும் டியூக் பதவியை. அது 1057இல் வேறொருவருக்குப் போய்விட, 1061இல் இன்றைய ஆஸ்திரியாவின் தெற்கிலுள்ள கரிந்தியாவும் அதோடு சேர்ந்த வெரோனாவும் அவருக்குக் கிடைத்தன. அங்கே அவரால் காலூன்ற முடியவில்லை. 1077இல் அரசர் நான்காம் ஹென்றி பதவியைப் பறித்தார். பதவிதான் போனது. வெரோனாவின் பெயரால் மூத்த மகன் தாங்கிய மார்கிரேவ் பட்டத்தைப் பேரன் ஹெர்மன் பாடன் கோட்டையோடு ஒட்டவைத்துக்கொண்டார். அரசவையில் உட்காரும் வரிசையும் பெண் கொடுக்கும் இடமும் பட்டத்தைப் பொறுத்தவை என்னும்போது அதை யார் விடுவார்கள்?

தாத்தா பெர்த்தோல்டின் இளைய மகன் இரண்டாம் பெர்த்தோல்ட் சுவேபியாவுக்காக ஸ்டாஃபன் என்ற பிரபு குடும்பத்தோடு மோதினார். 1098இல் சமரசம்: சுவேபியா ஸ்டாஃபன்களுக்கு; பெர்த்தோல்டுக்கு டியூக் பட்டமும் சூரிக்கும். அவர் வழியினர் தங்கள் கோட்டையின் பெயரால் செரிங்கன் டியூக்குகள் ஆனார்கள். ஃப்ரைசிங் பிஷப் ஓட்டோ, இவர்களிடம் பெயர் மட்டுமே உண்டு, நாடு இல்லை என்று எழுதினார். ஓட்டோ ஸ்டாஃபன்களின் நெருங்கிய உறவினர் என்பதையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.

உண்மையில் அன்றைய ஆட்சி என்பது வரைபடக் கோடு அல்ல, உரிமைகளின் மூட்டை. ஒரே கிராமத்தில் நிலம் ஒருவருடையதாகவும், நீதிமன்றம் இன்னொருவருடையதாகவும், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு தேவாலயத்துடையதாகவும் இருக்கலாம். இவற்றில் கொழுத்த உரிமை மடாலயக் காவல். துறவிகள் மரண தண்டனை விதிக்கக் கூடாது. எனவே மடத்து நிலங்களில் குற்ற வழக்குகளை விசாரிக்க ஒரு பிரபு வேண்டும். அபராதத்தில் அவருக்குப் பங்கு உண்டு. நாளடைவில் குடிகளுக்கு மடாதிபதியைவிட அவரே எஜமானர் போல ஆகிவிடுவார். செரிங்கன்கள் இத்தகைய காவல் உரிமைகளையும் கோட்டைகளையும் சேர்த்தார்கள். 1120இல் ஃப்ரைபர்க்குக்குச் சந்தை உரிமை தந்தார்கள். 1191இல் பெர்ன் நகரை நிறுவினார்கள்.

1218இல் ஐந்தாம் பெர்த்தோல்ட் வாரிசின்றி இறந்ததும் மூட்டை அவிழ்ந்தது. குடும்பச் சொத்துகள் அவருடைய சகோதரிகள் மணம்புரிந்த ஊராக், கிபர்க் குடும்பங்களுக்குப் போயின. மன்னர் தந்த உரிமைகள் மன்னரிடமே திரும்பின. சூரிக், பெர்ன் இரண்டு நகரங்களும் நடுவில் பிரபு யாருமின்றி நேரே புனித ரோமானியப் பேரரசின் கீழ் வந்தன. டியூக் பட்டமோ அப்போதும் அழியவில்லை. செரிங்கன்களின் கிளைக் குடும்பம் ஒன்று டெக் என்ற இன்னொரு கோட்டையின் பெயரோடு அதை ஏற்கெனவே சேர்த்திருந்தது.