சாளை தின்றும் பி12 இல்லை

"மக்களே, செருப்பு கழன்றதே தெரியல. சந்தை வரைக்கும் ஒத்தச் செருப்போட நடந்திருக்கேன்."

களியக்காவிளைப் பக்கத்து அம்மா, 60 வயது. உணவு ஆலோசனைக்கு என்னிடம் வந்தவர் வயிற்றுப்போக்கைப் பற்றித்தான் பேசினார்; கால் மரப்பு போகிற போக்கில் வந்த பேச்சு. சுகர் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குத் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனையில் கரண்ட் வைத்ததை, அதாவது கதிர்வீச்சு சிகிச்சை எடுத்ததை, நான் கேட்ட பிறகுதான் சொன்னார். "காலுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

டாக்டரிடம் அனுப்பி ரத்தம் பார்த்ததில் வைட்டமின் பி12 அளவு 110 (pg/mL). 200க்குக் கீழே போனாலே குறைவுதான்; அது குறைந்தால் நரம்பு கெட்டுக் கால் மரத்துப்போகும். சைவம் என்றால் புரியும். இவர் வீட்டிலோ மரச்சீனிக்கிழங்கும் சாளைக் (மத்தி மீன்) கறியும் இல்லாத நாள் அபூர்வம். சாளையில் பி12 தாராளம்.

குறை தட்டில் இல்லை, குடலில். பி12 உடம்பில் சேர்வது சிறுகுடலின் கடைசிப் பகுதியில். அது இடுப்புக்குள் கிடப்பதால் கதிர்வீச்சு அதன்மேலும் படுகிறது. சிலருக்கு அங்கே ரத்த ஓட்டம் குறைந்து, குடல் மெல்ல மெல்லத் தடித்துப்போகும். கல்லீரலில் இருக்கும் பி12 சேமிப்பு சில வருஷம் தாங்கும். அதனால்தான் எல்லாம் முடிந்தது என்று ஃபைலைப் பரணில் போட்ட பிறகு இது தலைகாட்டுகிறது.

பித்தநீரைத் திரும்ப உறிஞ்சுவதும் அதே இடம்தான். அது தவறினால் சாப்பிட்டதும் தண்ணீராகப் போகும். கொழுப்பு சரியாகச் சேராது, கூடவே வைட்டமின் டியும் குறையலாம். கதிர்பட்ட இடுப்பெலும்புக்கு அது நல்லதல்ல. இந்த அம்மா பஸ் ஏறும் நாளில் பட்டினி. பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் உடம்பில் இருக்கும் சத்தும் கரைகிறது.

மருந்துக்கடையில் சத்து மாத்திரை கேட்டு வாங்குபவர்களுக்கு ஒன்று: ஃபோலிக் அமிலம் மட்டும் போட்டால் ரத்தசோகை சரியானதுபோல் தெரியும், நரம்புச் சேதம் உள்ளே தொடரும். மரப்புக்குக் கீமோவும் காரணமாக இருக்கலாம். எந்த டாக்டரிடம் போனாலும் பழைய ஃபைலைக் கொண்டுபோங்கள். கரண்ட் வைத்ததை முதலிலேயே சொல்லுங்கள். பி12 பரிசோதனையை வருஷம் ஒருமுறையாவது கேளுங்கள்.

குடல் வாங்காததால் டாக்டர் பி12-ஐ ஊசியாகவே கொடுத்தார். நாலு மாதத்தில் கால் எரிச்சல் குறைந்தது. மரப்பு முழுதாகப் போகவில்லை.

"அப்போ சாளைய நிறுத்திரவா?"

வேண்டாம் அம்மா, புரதம் வேண்டாமா? செருப்பை மட்டும் பின்வார் வைத்ததாக மாற்றச் சொன்னேன்.