முதியோர் இல்லப் பொதுக்கூடம்: நாற்காலிகளைச் சுவரிலிருந்து நகர்த்துங்கள்

முதியோர் இல்லங்களின் பொதுக்கூடத்தைப் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் அமைக்கிறார்கள். நான்கு சுவரையும் ஒட்டி நாற்காலிகள், நடுவில் வெறும் தரை, மூலையில் ஓயாமல் ஓடும் தொலைக்காட்சி. பெருக்கித் துடைக்க வசதி, ஒரே பார்வையில் எல்லாரையும் கவனித்துவிடலாம் என்பது காரணம். இருபது பேர் உட்கார்ந்திருந்தாலும் பேச்சுச் சத்தமே கேட்காது. வயதானால் அப்படித்தான் என்று நிர்வாகம் விட்டுவிடுகிறது. ஆனால் அந்தப் பேச்சைத் தடுப்பதில் நாற்காலி கிடக்கும் இடத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

பக்கத்தில் இருப்பவரிடம் பேசக் கழுத்தைத் திருப்ப வேண்டும்; கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவரால் அப்படி வெகுநேரம் இருக்க முடியாது. எதிர்ச்சுவரில் இருப்பவரோ 5, 6 மீட்டர் தள்ளி இருக்கிறார். காது மந்தமானவர்கள் பாதிப் பேச்சை உதட்டைப் பார்த்துத்தான் பிடிக்கிறார்கள். அந்தத் தூரத்தில் அதற்கும் வழியில்லை. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், மருத்துவமனை ஒன்றின் முதியோர் வார்டில் ராபர்ட் சாமர் என்ற உளவியலாளர் 1950களில் இதைச் சோதித்தார். சுவரோர நாற்காலிகளைச் சிறு மேசைகளைச் சுற்றிப் போட்டார்கள். சில வாரங்களில் பேச்சு ஏறத்தாழ இரட்டிப்பானது.

90 செ.மீ. விட்டமுள்ள வட்ட மேசைக்கு 3 அல்லது 4 நாற்காலி போதும். நடுவில் ஒற்றைக் கால் வைத்த மேசை வேண்டாம். எழும்போது விளிம்பில் கையை ஊன்றுவார்கள், கவிழ்ந்துவிடும். மேசைக் குழுக்களுக்கு இடையே 1.2 மீட்டர் வழி விடுங்கள். சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் அகல வெற்றிடம் ஓரிடத்திலாவது இருக்க வேண்டும்.

முதல் சில வாரங்களில் நாற்காலிகள் மறுபடி சுவருக்கே போகும். பெருக்குபவர் நகர்த்துவார், அங்கே வாழ்பவர்களே கூட நகர்த்துவார்கள், முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்தால்தான் பலருக்கும் தைரியம். மேசைமேல் ஏதாவது வேலை இருந்தால் குழு கலையாது: நாளிதழ், பல்லாங்குழி, உதிரிப்பூவும் நாரும், ஆய வேண்டிய முருங்கைக்கீரை. கைக்கு வேலை கிடைத்தால் பேச்சு தானாக வரும். பேச விரும்பாதவர்களையும் மதிக்க வேண்டும். கூடத்தைப் பார்த்தபடி சுவரோரம் இரண்டு மூன்று நாற்காலிகளை விட்டுவையுங்கள்.

நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து 45 செ.மீ. உயரம், கைப்பிடி இருக்கைக்கு மேல் 20 செ.மீ. கைப்பிடி இருக்கையின் முன்விளிம்பு வரை நீண்டிருக்க வேண்டும். அதை ஊன்றித்தான் எழுகிறார்கள். குள்ளமான பாட்டிகளுக்குச் சில நாற்காலிகளை 42 செ.மீ. உயரத்தில் வாங்குங்கள். பாதம் தரையில் பதியாமல் தொங்கினால் கால் வீங்கும். இருக்கைக்கு அடியில் குறுக்குக் கட்டை இருக்கக் கூடாது, எழுவதற்குப் பாதத்தைப் பின்னுக்கு இழுக்க இடம் வேண்டும். மலிவான பிளாஸ்டிக் நாற்காலி ஈர டைல்ஸில் வழுக்கும், பாரம் கொடுத்தால் கைப்பிடி வளையும். நன்கொடையாக வரும் மெத்தை சோபா இன்னும் மோசம். அதில் அமிழ்ந்தவரால் துணையில்லாமல் எழ முடியாது. எழ முடியாதவர், கழிவறைக்குப் போக வேண்டிவருமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார். நீர்ச்சத்துக் குறைவும் சிறுநீர்த் தொற்றும் இப்படித்தான் கூடத்திலிருந்தே தொடங்குகின்றன. கழிவறைக் கதவு உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிய வேண்டும், 10 மீட்டருக்குள் இருப்பது நல்லது. அதன் நிறம் சுவரின் நிறத்திலிருந்து பளிச்சென்று வேறுபடட்டும்.

அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, இருபது வயதுக் கண்ணுக்குப் போவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெளிச்சமே போய்ச் சேர்கிறது. மேசைமேல் 300 லக்ஸாவது (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வேண்டும். அதையும் ஒரே வெற்று டியூப் லைட்டிலிருந்து தராமல், மூடி போட்ட பல விளக்குகளாகப் பிரியுங்கள். மின்விசிறி இறக்கைக்கு மேலே விளக்கை மாட்டாதீர்கள். வெட்டி வெட்டி விழும் நிழல் தலைசுற்றலைக் கொடுக்கும். பளபளக்கும் டைல்ஸ் ஈரத் தரைபோலத் தோன்றும், பயந்து கால் தேய்த்து நடப்பார்கள். தரையில் ஓடும் கறுப்புக் கரை மறதிநோய் உள்ளவர்களுக்குப் பள்ளமாகத் தெரியலாம். பளபளப்பில்லாத ஒரே நிறத் தரையே நல்லது.

ஜன்னலின் அடிச்சுவரை நம் ஊரில் 90 செ.மீ.க்குக் கட்டுகிறோம். சாய்ந்து உட்கார்ந்தவருக்கு அதற்கு மேல் பெரும்பாலும் வானமும் கம்பியும்தான் தெரியும். 60 செ.மீ.க்கு இறக்கி, பாதுகாப்புக்குச் செங்குத்துக் கம்பி போடுங்கள். பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில், மரம் தெரியும் ஜன்னலோரம் படுத்திருந்தவர்கள் செங்கற்சுவரைப் பார்த்திருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பியதாக ரோஜர் உல்ரிக் என்ற ஆய்வாளர் 1984இல் எழுதினார். மரத்தோடு வாசல் கேட்டும் தெரிந்தால் இன்னும் நல்லது. யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்ப்பதில் அவர்களுக்கு ஒரு நாள் நிறைகிறது.

கடைசியாகச் சத்தம். காலிக் கூடத்தில் ஒரு முறை கை தட்டுங்கள். ஓசை கணகணவென்று நீண்டால் காது கேட்கும் கருவி போட்டவர் அங்கே உட்கார மாட்டார்; கருவி எதிரொலியையும் சேர்த்தே பெரிதாக்கும். ஜன்னலின் அகலத்தைப் போல இரு மடங்கு துணியில் கொசுவம் வைத்துத் தைத்த கனத்த பருத்தித் திரைகளும், ஓசையை உறிஞ்சும் நார்ப்பலகைக் கூரையும் பெருமளவு அடக்கும். தொலைக்காட்சியைத் தனி அறைக்கு மாற்றுங்கள். அறை இல்லையென்றால் செய்திக்கும் சீரியலுக்கும் நேரம் குறித்து, மற்ற நேரம் அணைத்துவையுங்கள். எந்த நேரம் என்பதை அங்கே வாழ்பவர்கள் கூடி முடிவு செய்யட்டும். ரிமோட்டும் அவர்கள் கையிலேயே இருக்கட்டும்.