எண்ணெய் இல்லைதானே என்று உடனே சார்ஜ் செய்துவிடாதீர்கள்

"டிரை டைப்தானே சார், எண்ணெய் கிடையாது, கசிவு கிடையாது. கேபிள் கட்டியாச்சு, சார்ஜ் பண்ணிடலாமா?"

புது டிரான்ஸ்பார்மர் நிற்கும் அறைக்குள் நுழைந்ததும் பெரும்பாலும் இந்தக் கேள்விதான் வரும். சார்ஜ் என்றால் டிரான்ஸ்பார்மருக்கு மின்சாரம் கொடுப்பது. கூடவே தொழிற்சாலை கொடுத்த டெஸ்ட் சர்டிபிகேட்டையும் நீட்டுவார்கள். அதில் எல்லாமே சரியாகத்தான் இருக்கும். ஆனால் அது தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய நாளின் கணக்கு. அப்புறம் லாரியில் குலுங்கியதும், கிரேனில் தொங்கியதும், பூச்சு வேலை நடக்கும் கட்டடத்தில் மாதக்கணக்கில் நின்றதும் அந்தக் காகிதத்துக்குத் தெரியாது.

எண்ணெய் டிரான்ஸ்பார்மரின் வைண்டிங், அதாவது கம்பிச் சுற்றான காயில், எண்ணெய்த் தொட்டிக்குள் மூழ்கியிருக்கும். டிரை டைப்பை அறையின் காற்றுதான் குளிர வைக்கிறது. அந்தக் காற்றில் சிமெண்ட் தூசி இருந்தாலும் ஈரம் இருந்தாலும் நேராகக் காயில் மேல்தான் போய்ப் படியும்.

அதனால் இன்சுலேஷனை அளக்கும் மெக்கரை எடுப்பதற்கு முன் நான் டார்ச்சைத்தான் எடுப்பேன். எச்.டி. (உயர் மின்னழுத்த) காயிலுக்கும் எல்.டி. (தாழ் மின்னழுத்த) காயிலுக்கும் நடுவே காற்று போகிற இடைவெளி இருக்கிறது. மேலிருந்து ஒருவர் டார்ச் அடிக்க வேண்டும், கீழிருந்து இன்னொருவர் பார்க்க வேண்டும். ஒருமுறை நடு லிம்பில் (காயில் மாட்டிய இரும்புத் தூணில்) மட்டும் வெளிச்சம் அரைகுறையாகத்தான் வந்தது. மரக்குச்சியை விட்டு மெல்ல இழுத்தால், பேக்கிங் பிளாஸ்டிக் துண்டு ஒன்று சுருண்டு வந்தது. அதோடு ஒட்டிக்கொண்டு விரல் நீளச் செம்புக் கம்பியும் வந்தது. கேபிள் முனையைச் சீவும்போது விழுந்தது. பிளாஸ்டிக் காற்றை அடைத்துக் காயிலைச் சூடாக்கியிருக்கும். கம்பி என்ன செய்திருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. மெக்கர் இந்த இரண்டையும் காட்டியிருக்கும் என்று நம்ப முடியாது.

கேபிள் வரும் பாதையையும் பாருங்கள். எச்.டி. கேபிள் காயிலை உரசிக்கொண்டு போகக் கூடாது. தயாரிப்பாளர் சொன்ன இடைவெளி விட்டுக் கிளாம்ப் போட்டிருக்க வேண்டும். ரெசின் வார்த்த காயிலைப் பார்த்தால் முழுக்க இன்சுலேஷன் போட்டது போலத் தோன்றும். அந்த நம்பிக்கையில் யாரும் கை வைத்துவிடாதீர்கள். சப்ளை இருக்கும்போது ரெசின் மேற்பரப்பும் மின்சாரம் உள்ள வெறும் கம்பிக்குச் சமம். புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் முறுக்கி, பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிட்டால் போதும்.

சரி, இப்போது மெக்கர். இரண்டு பக்கக் கேபிளையும் கழற்றி, நியூட்ரலை எர்த்திலிருந்து பிரித்து, காயிலின் வெப்பநிலையை அளக்கும் பிடி-100 சென்சார் வயர்களை மானிட்டரிலிருந்து எடுத்து எர்த்தில் சேர்த்த பிறகுதான் தொடங்க வேண்டும். 11 கிலோவோல்ட் வைண்டிங்குக்கு 5000 வோல்ட், எல்.டி.க்கு 1000 வோல்ட் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். ஓர் இடத்தில் எச்.டி. 40 மெகா ஓமைத் தாண்டவே இல்லை. காயில் பழுது, திருப்பி அனுப்பலாம் என்று பேச்சு கிளம்பியது. மழைக்காலம் முழுக்கக் கதவில்லாத அறையில் நின்ற டிரான்ஸ்பார்மர் அது. வேக்குவம் கிளீனரால் தூசியை எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்து, ராத்திரி முழுக்க வெதுவெதுப்பான காற்று கொடுத்தோம். காலையில் ஆயிரம் மெகா ஓமுக்கு மேல் போனது. ஈரத்தோடு சார்ஜ் செய்திருந்தால் நிஜமாகவே திருப்பி அனுப்ப வேண்டி வந்திருக்கும். சோதனை முடிந்ததும் வைண்டிங்கை எர்த் செய்து டிஸ்சார்ஜ் பண்ண மறக்காதீர்கள். கோரின் (காயிலுக்குள் இருக்கும் இரும்பின்) இன்சுலேஷனைப் பார்க்கக் கழற்றிய எர்த் பட்டையைத் திரும்ப மாட்டியதை உங்கள் கண்ணால் பாருங்கள்.

இரண்டு பக்க வோல்டேஜின் விகிதத்தைப் பார்க்கும் ரேஷியோ சோதனையைத் தேவையில்லாத வேலை என்பவர்கள் உண்டு. 11000/433 வோல்ட், டிஒய்என்11 (எச்.டி. பக்கம் டெல்டா, எல்.டி. பக்கம் ஸ்டார் இணைப்பு) என்றால், 11000-ஐ எல்.டி.யின் ஒரு பேஸுக்கு வரும் 250 வோல்ட்டால் வகுத்து, ஒவ்வொரு பேஸிலும் 44 வர வேண்டும். அரை சதவீதம் வரை வித்தியாசம் இருக்கலாம். ஒரு டிரான்ஸ்பார்மரில் 44, 44, 45.1 என்று வந்தது. போய்ப் பார்த்தால் மூன்றாவது காயிலில் டேப் லிங்க் (சுற்று எண்ணிக்கையை மாற்றும் இணைப்பு) ஒரு படி தள்ளி மாட்டியிருந்தது. டிரை டைப்பில் மூன்று காயிலுக்கும் தனித்தனி லிங்க். கையால் மாற்றுவது என்பதால் இந்தத் தவறு சுலபமாக நடக்கும். அப்படியே சார்ஜ் செய்திருந்தால் மூன்று பேஸ் வோல்டேஜும் சமமாக இருக்காது. மோட்டார்கள் காரணம் தெரியாமல் சூடாகிக்கொண்டே இருந்திருக்கும்.

வைண்டிங் ரெசிஸ்டன்ஸைச் சர்டிபிகேட்டில் உள்ளதோடு ஒப்பிடும்போது வெப்பநிலைத் திருத்தம் போட்டுக்கொள்ளுங்கள்.

வெப்பநிலைப் பாதுகாப்பில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. 30 டிகிரியில் பிடி-100 சுமார் 111.7 ஓம் காட்ட வேண்டும். மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். மானிட்டரில் எண் ஓடுகிறது என்பதோடு விட்டுவிடக் கூடாது. டிரிப் சிக்னல் கொடுத்து, சப்ளையைத் துண்டிக்கும் பிரேக்கர் நிஜமாகத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். மானிட்டரில் டிரிப் விளக்கு எரிந்தும் பிரேக்கர் அசையாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். நடுவே ஒரு கன்ட்ரோல் வயர் டெர்மினலில் மாட்டாமலே தொங்கிக்கொண்டிருந்தது. எஃப் கிளாஸ் இன்சுலேஷனின் எல்லை 155 டிகிரி. அதை நெருங்கும்போது நம்மைக் காப்பாற்ற வேண்டியது அந்த ஒற்றை வயர்தான்.

முதல் சார்ஜ் எப்போதும் லோடு இல்லாமல். அந்த நொடியில் ஃபுல் லோடு கரண்டைப் போலப் பல மடங்கு கரண்ட் பாயும், அதுதான் இன்ரஷ். அதனால் பாதுகாப்பு ரிலே டிரிப் ஆனால், செட்டிங்கையும் பதிவையும் பார்க்காமல் திரும்ப ஆன் செய்யாதீர்கள். ஒரே சீரான முனகல் கேட்க வேண்டும். நடுவே படபடவென்றோ கிறீச்சென்றோ சத்தம் வந்தால் உடனே ஆஃப். சில மணி நேரம் அப்படியே விட்டு, பிறகு லோடைப் படிப்படியாக ஏற்றி, மூன்று வெப்பநிலையையும் மணிக்கு ஒருமுறை எழுதி வையுங்கள். நடு லிம்ப் மற்றதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருப்பது இயல்பு. ஓரத்து லிம்ப் ஒன்று மட்டும் தனியாக ஏறிக்கொண்டே போனால் லோடை இறக்கி, சப்ளையிலிருந்து ஐசோலேட் செய்து, எர்த் போட்டுவிட்டு காயில்களுக்கு நடுவே உள்ள அந்த இடைவெளியில் திரும்ப ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள்.