டாப் ஷூவில் கட்டைவிரல் இடைவெளி விடாதீர்கள்

டாப் (tap) என்பது அடியில் உலோகத் தகடு பொருத்திய ஷூவால் தரையைத் தட்டித் தாளம் எழுப்பும் நடனம். பெரியவர்களுக்கான டாப் வகுப்பு புதிதாகத் தொடங்கும்போதெல்லாம் இதே காட்சிதான். பாதிப் பேருக்குக் கால் ஒரு பக்கம் போகிறது, ஷூ ஒரு பக்கம் போகிறது. நாற்பதிலும் அறுபதிலும் துணிந்து ஆட வந்தவர்கள். “எனக்குத் தாளம் வராது போலிருக்கிறது” என்று சில வாரங்களில் நின்றுவிடுகிறார்கள். தாளத்தில் ஒரு குறையும் இல்லை. ஒரு அளவு பெரிதாக வாங்கிய ஷூதான் காரணம்.

ஏன் பெரிதாக வாங்கினீர்கள் என்று கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: முனையில் கட்டைவிரல் அகலம் இடம் விட வேண்டுமாம். அது ஓட்டக்காரர்களின் ஷூவுக்கான விதி. ஓடும்போது பாதம் அடிக்கு அடி முன்னால் நகர்கிறது, நேரமாக ஆக வீங்குகிறது; அங்கே இடம் வேண்டும். டாப் ஷூ ஒரு வாத்தியம். அதன் முன் தகடு உங்கள் விரல்களுக்கும், விரல்கள் மடங்கும் அந்தத் தடித்த முன்பாதத்துக்கும் நேர் கீழே இருக்க வேண்டும். பிரிட்டிஷ், அமெரிக்க முறைகளில் ஒரு முழு அளவு கூடினால் நீளம் சுமார் 8 மில்லிமீட்டர் கூடும். அவ்வளவு தூரம் தகடு உங்கள் காலை விட்டு முன்னே போய்விடுகிறது. மூளை ஓரிடத்தில் தரையை எதிர்பார்க்கிறது, தகடு வேறிடத்தில் தட்டுகிறது. காலை முன்னும் பின்னும் வீசித் தட்டும் ஷஃபிள் அடவைச் செய்தால் முன்னே ஒன்று, பின்னே ஒன்று என்று இரண்டு ஒலி தெளிவாக வர வேண்டும். நீண்ட முனை தரையில் இடறி, ஒன்று மழுங்கிவிடும்.

இதைவிடப் பெரிய கேடு கண்ணுக்குத் தெரியாது. ஷூ கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் தாமாகவே உள்ளே மடங்கிப் பிடித்துக்கொள்ளும். விரலை மடக்கும் தசைநார்கள் கணுக்காலைக் கடந்துதான் செல்கின்றன. ஆகவே கணுக்காலும் இறுகும். “கணுக்காலைத் தளர விடுங்கள்” என்று ஆசிரியர் எத்தனை முறை சொன்னாலும் அந்த ஷூவில் முடியாது. பாதத்தில் பிடிப்பு, கெண்டைக்கால் இறுக்கம், முழங்காலுக்குக் கீழே எலும்பை ஒட்டி வலி எல்லாம் இதன் தொடர்ச்சி. குதிகாலைத் தட்டும்போது ஷூ ஒரு நொடிப்பிசகு முந்தியோ பிந்தியோ விழும்; கொப்புளமும் வரும். இரண்டு சாக்ஸ் போட்டோ உள்ளே அட்டை வைத்தோ சமாளிக்காதீர்கள். தகடு இருக்கும் இடம் அதனால் மாறாது.

சரியான அளவு என்றால் நிற்கும்போது விரல் நுனி ஷூ முனையை லேசாகத் தொடும், ஆனால் மடங்காது. முன்பாதத்தில் எழுந்து நின்றால் குதிகால் கூடவே வர வேண்டும். மாலையில், வகுப்புக்குப் போடப்போகும் மெல்லிய சாக்ஸுடன், இரண்டு காலிலும் போட்டுப் பாருங்கள். பெரிய காலுக்குத்தான் அளவு எடுக்க வேண்டும். பக்கவாட்டில் நெருக்கினால் நீளத்தைக் கூட்டாதீர்கள், அதே நீளத்தில் அகலமான ஷூவைக் கேளுங்கள். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். தோல் ஷூ போகப் போக அகலத்தில் சற்று இளகும், நீளத்தில் இளகாது. செயற்கைத் தோலும் இளகும் என்று நம்பி இறுக்கமாக வாங்க வேண்டாம். தெருவில் போடும் ஷூவின் எண்ணைச் சொல்லி இணையத்தில் வாங்குவதும் வேண்டாம். நடன ஷூக்களின் எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நின்றபடி பாதத்தைச் சென்டிமீட்டரில் அளந்து அவர்கள் அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.

ஒரு வேண்டுகோள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் இந்த “கச்சிதம்” உங்களுக்கு ஆபத்து. புண் வந்தாலும் தெரியாது. மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

குதி உயரம் 1 அங்குலம் போதும். உயரமான குதியில் பாதம் ஏற்கெனவே கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் கணுக்கால் வீசுவதற்கு இடம் குறையும், எடை முன்பாதத்தில் கூடுதலாக இறங்கும். லேஸ் கட்டும் ஆக்ஸ்ஃபோர்டு வகை பாதத்தின் மேற்புறத்தை முழுதாகப் பிடிக்கும். ரிப்பன் முடிச்சு ஷூவெல்லாம் தொடக்கத்துக்கு வேண்டவே வேண்டாம்.

தகடு திருகில் நிற்கிறதா என்று பாருங்கள். கபேசியோ நிறுவனத்தின் டெலி டோன், பிளாக் நிறுவனத்தின் டெக்னோ டாப் போன்ற தகடுகள் அப்படிப்பட்டவை. ஒலியைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம், தேய்ந்தால் மாற்றலாம். மலிவு ஷூக்களில் ஆணியடித்துவிடுவார்கள், தளர்ந்தால் அவ்வளவுதான். சலசலவென்று தானே ஆடும் தகடும் கூடாது. நீங்கள் தட்டியது எது, தகடு தானாக ஒலித்தது எது என்று பழகாத காதுக்குப் பிரித்தறிய முடியாது. ரப்பர் அடிப்பாகமுள்ள பழைய ஷூவில் தகடு பொருத்திக் கேட்பவர்களும் உண்டு. ரப்பர் ஒலியை விழுங்கும், திருகையும் பிடிக்காது.

புது ஷூவின் திருகுகள் முதல் சில வகுப்புகளில் தளரும். ஸ்க்ரூடிரைவர் பையிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் முன் விரலால் தடவிப் பாருங்கள். தலை தூக்கிய திருகு தரையைக் கீறும், உங்களையும் வழுக்கிவிடும். அதற்காக முழு பலத்தோடு முடுக்கவும் கூடாது. தோலில் பிடிமானம் போய்விடும். போய்விட்டால் துளைக்குள் பசை தடவிய பல்குச்சித் துண்டைச் செருகி, காய்ந்ததும் மீண்டும் முடுக்கினால் பெரும்பாலும் நிற்கும்.

முன் தகட்டுக்குப் பின்னால் மெல்லிய ரப்பர் ஒட்டினால் வழுக்கல் குறையும். தகட்டைவிடத் தடிமனாக இருந்தால் தகடு தரையைத் தொடாது, கவனம். பளிங்கு, டைல்ஸ், சிமென்ட் மூன்றிலும் பயிற்சி செய்யாதீர்கள். முதல் இரண்டும் வழுக்கும், மூன்றும் கால் எலும்பை உலுக்கும். வீட்டுக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட், 3 அடிக்கு 4 அடி, அடியில் வழுக்காத விரிப்பு போதும். வாசலில், தெருவில் நடக்கவே நடக்காதீர்கள். தகட்டில் ஒட்டிய மணல் பிறகு ஆடும் தரையைத்தான் அறுக்கும்.

வீட்டில் முதன்முதலாகப் போட்டுப் பார்க்கும்போது கம்பளத்தின் மேல் நில்லுங்கள். தகட்டில் ஒரு கீறல் விழுந்தாலும் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார். அதனால்தான் பலர் அந்தப் பெரிய ஷூவையே வைத்துக்கொள்கிறார்கள்.