டிஃப் என்றால் ஒப்புநோக்கு

"அண்ணே, ரெண்டு ரிவிஷனுக்கும் டிஃப் போட்டுப் பாத்தேன், ஒரே மாதிரிதான் இருக்கு, ஆனா செவப்பு காட்டுதுண்ணே" என்று எங்கள் அலுவலகத் தம்பி போன வாரம் வந்து நின்றான். மதுரை பைபாஸ் ரோட்டில் ஒரு மாடியில் ஆறு பேர் உட்கார்ந்து கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதுகிறோம், இந்த மாதிரிப் புலம்பல் தினம் உண்டு. அந்தச் சிவப்புக்கு அப்புறம் வருகிறேன். அவன் சொன்ன ஒரு வரியில் ரிவிஷன் (கோப்பைச் சேமித்து வைத்த ஒரு நிலை), டிஃப் (இரண்டு நிலைக்கு நடுவில் மாறிய வரிகளை நிறம் போட்டுக் காட்டும் கட்டளை) என்று இரண்டு சொல் இருக்கிறதே, அதில் டிஃப்புக்குத் தமிழில் என்ன என்று யாராவது கேட்டால் பாதிப் பேர் வித்தியாசம் என்பார்கள், மீதிப் பேர் வேறுபாடு என்பார்கள். இரண்டுமே தப்பில்லை, ஆனால் இரண்டுமே பாதிதான்.

டிஃப் என்பது டிஃபரன்ஸ் என்ற சொல்லின் தலை மட்டும். யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதிய ஆட்களுக்குக் கட்டளைகளை இரண்டு மூன்று எழுத்தில் முடித்துவிடும் பழக்கம், காப்பி என்பதையே சிபி என்று சுருக்கியவர்கள். பெல் ஆய்வுக்கூடத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் எழுதிய இந்தக் கட்டளை 1974இல் யுனிக்ஸின் ஐந்தாம் பதிப்போடு வெளியே வந்தது. மூலச்சொல் லத்தீன்: டிஸ் என்றால் விலக்கி, ஃபெரே என்றால் சுமந்து செல்வது, ஆக விலக்கிக் கொண்டுபோவது. நம் வித்தியாசம் வடமொழி வியத்யாசத்திலிருந்து வந்தது, ஆனால் "வித்தியாசமா பாக்குறான்" என்றால் ஊரில் அர்த்தமே வேறு. வார இதழ்களில் இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஆறு வித்தியாசம் கண்டுபிடி என்பார்களே, எடிட்டரில் செருகுநிரல் காட்டும் திரையும் கிட்டத்தட்ட அதுதான், இடது பக்கம் பழசு, வலது பக்கம் புதுசு. (எடிட்டரோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் குட்டி நிரலான பிளகின்னுக்குச் செருகுநிரல் என்று வைத்தவர் யாரோ, நல்ல கை. அரிவாளைக் கூரையில் செருகுவது போல எடிட்டரில் செருகிவிட்டால் ஆயிற்று.)

ஆனால் டிஃப் உள்ளே செய்வது வித்தியாசம் தேடும் வேலையே இல்லை. ஒரு கோப்பில் மூன்று வரி: சித்திரை வீதி, மாசி வீதி, வெளி வீதி. யாரோ வந்து ஆவணி மூல வீதியை விட்டுவிட்டீர்களே என்று இரண்டாவது வரியாக அதைச் சேர்க்கிறார், இப்போது நான்கு வரி. முதலுக்கு முதல், இரண்டுக்கு இரண்டு என்று வரிசை எண்ணை வைத்து ஒப்பிட்டால் சித்திரை தவிர எல்லாமே மாறிப்போனதாகத் தெரியும். டிஃப் அப்படிப் பார்ப்பதில்லை. இரண்டு கோப்பிலும் வரிசை குலையாமல் பொதுவாக இருக்கும் மிக நீண்ட தொடரை முதலில் தேடுகிறது. இங்கே அது சித்திரை, மாசி, வெளி. அந்த மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்திவிட்டு, துணை கிடைக்காமல் தனியே நிற்கும் ஆவணி மூல வீதிக்கு மட்டும் கூட்டல் குறி போடுகிறது. இதற்கான கணக்கை ஜேம்ஸ் ஹன்ட்டும் மெக்கில்ராயும் 1976இல் எழுதி வெளியிட்டார்கள், யூஜின் மையர்ஸ் 1986இல் அதைவிட வேகமான வழி சொன்னார், கோப்புகளின் நிலைகளைச் சேமித்து வைக்கும் கிட் என்ற மென்பொருள் இன்றைக்கு வழக்கமாகப் போவது மையர்ஸ் வழியில்தான். எந்த வழி என்றாலும் முதலில் தேடுவது ஒற்றுமையை, ஒப்பாததுதான் மிச்சம். பெயர்தான் மிச்சத்தின் பெயராகப் போய்விட்டது.

அதனால்தான் எனக்கு ஒப்புநோக்கு என்ற சொல் பிடிக்கிறது. இது நான் புதிதாகக் கட்டியதில்லை. என் பெரியப்பா சிம்மக்கல் பக்கம் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவர், பள்ளிக்கூட விடுமுறையில் நான் அங்கே போய் உட்கார்ந்திருப்பேன். ஒருவர் கையெழுத்துப் பிரதியை "கால்புள்ளி", "புதுப் பத்தி", "அடைப்புக்குறி ஆரம்பம்" என்று குறிகளையும் விடாமல் உரக்கப் படிப்பார், எதிரே பெரியப்பா அச்சான தாளில் ஒவ்வொரு சொல்லாகப் பென்சிலை நகர்த்திக்கொண்டே வருவார், ஒத்துப்போகிற வரைக்கும் பென்சில் ஓடும், ஒவ்வாத இடத்தில் நிற்கும். அந்த வேலைக்குப் பெயர் ஒப்புநோக்குதல். இயந்திரம் செய்வதும் அச்சு அசல் அதுதான், உரக்கப் படிப்பதில்லை, அவ்வளவே. ஒப்ப என்பது பழைய உவம உருபு, நன்னூலில் போல, புரைய, ஒப்ப, உறழ என்று வரும். ஆக இந்தச் சொல்லில் ஒப்பும் இருக்கிறது, நோக்குகிற வேலையும் இருக்கிறது. ஒரே ஓர் ஆபத்து, அந்த ஒப்பில் ஓர் உருபு கூடினால் "ஒப்புக்கு" ஆகிவிடும், அடுத்தவர் சரிபார்க்க ரிவ்யூவுக்கு அனுப்பிய நிரலை நம்மில் பலரும் ஒப்புக்குத்தானே நோக்குகிறோம்.

செயலுக்கு ஒப்புநோக்கு, சரி. அதன் முடிவாகக் கிடைக்கும் பட்டியலுக்கு? அதற்கும் தேடி அலைய வேண்டாம், சுவடிக்காரர்கள் வைத்திருக்கிறார்கள். ஒரே பாட்டு நாலு ஏட்டில் நாலு விதமாக இருக்கும், ஏடு எழுதியவர் கை தவறியிருக்கும், செல்லரித்த இடத்தை ஊகித்து நிரப்பியிருப்பார். சிந்தாமணியை 1887இல் அச்சுக்குக் கொண்டுவந்த உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளில் பக்கத்தின் அடியில் பிரதிபேதம் என்று இவற்றைக் குறித்துவைத்தார், இப்போது பாடவேறுபாடு என்கிறோம். 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தொடங்கிய தமிழ்ச் சங்கமும் ஏடு தேடி, ஒப்பிட்டு, அச்சிட்ட வேலைதான் பார்த்தது. அடிக்குறிப்பில் ஓர் எண், எதிரே மாற்றுப் பாடம். நம் டிஃப்பில் @@ -12,7 +12,8 @@ என்று ஒரு வரி வருமே, அதுவும் அந்த மாதிரி முகவரிதான்: பழைய கோப்பில் 12ஆம் வரியிலிருந்து 7 வரி, புதியதில் 12இலிருந்து 8 வரி. மேலே மூன்று, கீழே மூன்று மாறாத வரிகள் அடையாளத்துக்கு, நடுவில் ஒரு வரி போய் இரண்டு வந்திருக்கிறது. கோட் எழுதுகிறவரிடம் பாடவேறுபாடு என்றால் கொஞ்சம் புலவர் வாடை அடிக்கும், வெறும் வேறுபாடு போதும்.

இந்த @@ வகை டிஃப்பில் "திருத்தியது" என்று ஒரு குறி கிடையாது என்பதையும் கவனிக்கலாம். வாக்காளர் துணைப்பட்டியலில் சேர்த்தல், நீக்கல், திருத்தம் என்று மூன்று உண்டு. இங்கே சேர்த்தலும் நீக்கலும் மட்டும்தான், ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் பழைய வரி முழுசாகச் சிவப்பில் போய், புதிய வரி பச்சையில் வரும். வரிக்குள் எந்த எழுத்து மாறியது என்று இன்னும் அடர்த்தியாக நிறம் தீட்டிக் காட்டுவது செருகுநிரல்கள் தம் பங்குக்குச் செய்யும் உபகாரம்.

ரிவிஷனுக்கு வந்தால் கொஞ்சம் சிக்கல். லத்தீனில் திரும்பப் போய்ப் பார்ப்பது. பள்ளிக்கூடத்தில் அது திருப்புதல், நீதிமன்றத்தில் சீராய்வு, வாக்காளர் பட்டியலில் திருத்தம். நாம் திருத்தம் என்றே வைத்துக்கொண்டோம், ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவசரத்தில் நாங்கள் போடும் கமிட்டெல்லாம் (மாற்றத்தைச் சேமித்துப் பதிவதற்குப் பெயர் கமிட்) திருத்தம்தானா என்பது கேள்வி, கெடுத்தம் என்றும் சொல் இருந்திருக்கலாம். கிட் ஒவ்வொரு கமிட்டிலும் முழுத் திட்டத்தின் நிலையை அப்படியே எடுத்து வைக்கிறது, வேறுபாட்டை நாம் கேட்கும்போதுதான் கணக்கிடுகிறது, அதனால் நிலை என்றாலே பொருந்தும் என்பது என் எண்ணம். பதிப்பு என்ற சொல்லை வெர்ஷனுக்கு விட்டுவிடுவோம், பதிப்பு என்றால் ஊருக்கு வெளியிட்டதாக இருக்க வேண்டும்.

இப்போது அந்தச் சிவப்பு. வரியில் இருந்தது "கொள்முதல் விலை" என்ற இரண்டே சொல். பழசிலும் அதே, புதுசிலும் அதே, நான்கு பேர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தோம், ஒரு புள்ளி கூட மாறவில்லை. கடைசியில் எழுத்து எழுத்தாகப் பிரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் எண் கொடுத்து வைக்கும் யுனிகோடில் கொ என்பதை க-வோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம், க-வோடு ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே கொ. கோப்பை இன்னொருவர் வேறு விசைப்பலகையில் தட்டியிருக்கிறார், கொம்பும் காலும் தனித்தனியாக விழுந்திருக்கின்றன. டிஃப் பார்ப்பது உருவத்தை இல்லை, உள்ளே இருக்கும் எண்களை, எனவே அது சொன்னது சரி. பெரியப்பா இருந்திருந்தால் பென்சில் நிற்காமலே போயிருக்கும், உரக்கப் படித்தவருக்கும் காதில் ஒன்றும் தட்டியிருக்காது.

தம்பி அந்தச் சொல்லை அழித்துவிட்டுத் திரும்பத் தட்டினான், சிவப்பு போய்விட்டது. "ஒப்புநோக்கு ரொம்ப நீளமா இருக்குண்ணே" என்கிறான். பேச்சில் "ஒப்புப் பாத்தாச்சா" என்று கேட்டுக்கொள்ளலாம் என்றேன், டிஃப் எடுத்தாச்சா என்பதை விட ஒன்றும் அதிகமில்லை. மெனுவில் எழுதும்போது மட்டும் "இரண்டு நிலைகளை ஒப்புநோக்கு" என்று முழுசாக இருக்கட்டும்.