“சும்மா ஒரு கிளிப்புதான் மேடம்”

சிங்கப்பூர்ச் சமூக மன்றங்களில் அறிவுசார் சொத்து (கண்டுபிடிப்பு, வணிகப் பெயர் போன்றவற்றின் மீதான உரிமை) பற்றித் தமிழில் பேசப் போகும்போது, “இங்கே யாராவது எதையாவது கண்டுபிடித்திருக்கிறீர்களா?” என்று கேட்பேன். பெண்கள் பக்கத்தில் ஒரு கைகூட உயராது. “கடையில் கிடைக்கலைன்னு நீங்களே எதையாவது செஞ்சுக்கிட்டது உண்டா?” என்று மாற்றிக் கேட்டால், கூடத்தை அடக்க முடியாது.

அப்படி ஒரு மாலையில், கூட்டம் கலைந்தபின் ஓர் அக்கா தயங்கித் தயங்கி வந்தார். தாதி. கைப்பையிலிருந்து டிஷ்யூவில் சுற்றிய ஒன்றை எடுத்தார். சாப்பாட்டு டப்பா மூடியை வெட்டி, வெல்க்ரோ தைத்த கிளிப். “சும்மா ஒரு கிளிப்புதான் மேடம்.” டிரிப் ஏறும் நோயாளி கழிவறைக்குப் போக எழுந்தால் குழாய் கட்டில் கம்பியில் மாட்டும், ஊசி இழுபடும். இந்தக் கிளிப் குழாயைக் கையோடு பிடித்துக்கொள்ளும். வார்டில் எல்லாருக்கும் பிடித்துப்போனது. ஒரு பொறியாளர் அதற்கு நல்ல வடிவம் கொடுத்தார். காப்புரிமைக்கு (பேட்டன்ட்) விண்ணப்பமும் போனது. லிஃப்ட் அருகே ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் இவருக்கே தெரியும். அதில் இரண்டு பெயர்கள். இவர் பெயர் இல்லை.

“காசு வேண்டாம் மேடம். என் பேரு?”

இந்தக் கேள்வியில் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. காப்புரிமை யாருக்குச் சொந்தம் என்பது ஒன்று. வேலையின் பகுதியாக உருவானது பெரும்பாலும் முதலாளிக்குப் போகும். தாதியின் வழக்கமான பணியில் கருவி உருவாக்குவதும் சேருமா என்பது வாதத்துக்குரியது. கண்டுபிடித்தவர் யார் என்பது வேறு. உரிமை யாருக்குப் போனாலும், மூல யோசனையைத் தந்தவர் கண்டுபிடிப்பாளராகக் குறிப்பிடப்பட வேண்டும் என்கிறது சிங்கப்பூர் காப்புரிமைச் சட்டம். பதவியில் பெரியவர் என்பதால் ஒருவர் கண்டுபிடிப்பாளர் ஆகிவிட மாட்டார்.

அக்காவைக் காப்பாற்றியது ஒரு வாட்ஸ்அப் படம். முதல் கிளிப்பைச் செய்த இரவே, தோழிக்கு அனுப்பியிருந்தார். தேதியும் நேரமும் பதிவாகியிருந்தன. அதை வைத்து எழுதினோம், மூன்றாவது பெயர் சேர்ந்தது. தேதியிட்ட படம் இருந்தாலே காப்புரிமை வந்துவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம். இங்கே முதலில் விண்ணப்பித்தவருக்கே முன்னுரிமை. ஆனால் ‘யோசனை யாருடையது’ என்ற கேள்விக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

நம் தேசிய மலரின் கதையும் இதுதான். வாண்டா மிஸ் ஜோக்கிம் ஆர்க்கிட்டை இரண்டு வகைகளைக் கலந்து ஆக்னஸ் ஜோக்கிம் உருவாக்கினார் என்று, தாவரவியல் பூங்காவின் அன்றைய இயக்குநர் ரிட்லி 1893-லேயே எழுதிவைத்தார். அப்படியும் பிற்காலத்தில், அந்தம்மா தோட்டத்தில் தானாக முளைத்ததைத்தான் பார்த்தார் என்று பலர் சொல்லத் தொடங்கினார்கள். 1981-ல் அது தேசிய மலரானது. உருவாக்கியவர் யார் என்ற சர்ச்சை அதற்குப் பிறகும் ஓயவில்லை. அவர் பக்கம் பேசியவர்களுக்குக் கைகொடுத்தது ரிட்லியின் அந்தச் சில வரிகள்தான். ஓர் ஆண் தோட்டக்காரரிடம் இப்படிக் கேட்டிருப்பார்களா என்பது என் சந்தேகம்.

உலக அறிவுசார் சொத்து நாள் ஏப்ரல் 26. 2018-லும் 2023-லும் பெண்களே அதன் கருப்பொருள். சர்வதேசக் காப்புரிமை விண்ணப்பங்களில் கண்டுபிடிப்பாளராகப் பெயர் வருவோரில் பெண்கள் ஏறக்குறைய ஆறில் ஒருவர்தான். கண்டுபிடித்தும் பெயர் வராதவர்கள் எத்தனை பேர் என்பதை அந்தக் கணக்கு சொல்லாது.

இன்னொரு தொல்லை, அவசரப்பட்டுக் காட்டிவிடுவது. ஃபேஸ்புக்கில் வீடியோ போட்டு, தேக்கா வட்டாரத்தில் பத்துப் பேருக்கு விற்றுப் பார்த்துவிட்டு, பிறகு என்னிடம் வருவார்கள். சிங்கப்பூரில் 2017 கடைசியிலிருந்து, தானே வெளியிட்டிருந்தாலும் 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம். ஐரோப்பாவில் அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது. வீடியோ ஏறிய அன்றே கதவு சாத்தியாயிற்று. காட்டித்தான் ஆகவேண்டும் என்றால், ரகசியம் காப்பதாக எதிராளியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு காட்டுங்கள்.

மசாலாப் பொடி விற்கும் அக்காக்கள் காப்புரிமை கேட்பார்கள். உங்கள் கைப்பக்குவத்தை வெளியே சொல்லாதீர்கள், அதுவே காப்பு. பதிய வேண்டியது பெயரை, வர்த்தகச் சின்னமாக. வர்த்தகச் சின்னம் 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் பேரப்பிள்ளை காலம்வரை ஓடும். ‘சாம்பார் பொடி’ என்று மட்டும் எழுதிக்கொண்டு வராதீர்கள், அது எல்லாருக்கும் பொது.

போன மாதம் அந்தத் தாதி அக்கா மறுபடி வந்தார். அதே கைப்பை, உள்ளே ஏதோ டிஷ்யூவில் சுற்றியிருந்தது. எடுக்கவில்லை.

“முதல்ல கையெழுத்துப் போடுங்க மேடம், அப்புறம் காட்டறேன்.”

ரகசியம் காப்பது எங்கள் தொழிலில் எப்படியும் கடமை, தனித் தாள் தேவையில்லை. இருந்தாலும் பேனாவை எடுத்தேன்.